ஜெயராம்பாடிக்குச் செல்லும் வழி

1824-ஆம் ஆண்டில் வங்காளத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஏழை அந்தணர் ஒருவர் கால்நடையாகப் புறப்பட்டு இராமேசுவரம் வந்தார். அவர் பெயர் குதிராம் சட்டோபாத்தியாயர். ஊர் ஹூக்ளி மாவட்டத்துக் காமார்புகூர். போகவும் வரவுமாக ஏறத்தாழ ஓராண்டுக் காலம் வழியிலே கழிந்தது. சேதுவில் நீராடி, இராமநாதரைத் தொழுது, பாணலிங்கம் ஒன்றை ஏந்திக்கொண்டு அவர் ஊர் திரும்பினார். பின்னர்ப் பிறந்த மகனுக்கு இராமேசுவரன் என்றே பெயர் சூட்டினார். அந்த லிங்கம் இன்றும் காமார்புகூரில், அவ்வில்லத்தின் குலதெய்வமாகிய இரகுவீரரின் அருகில் பூசை பெற்று வருகிறது. இராமேசுவரனுக்குத் தம்பியாக 1836-இல் அதே இல்லத்தில் பிறந்தவர்தாம் ஸ்ரீ ராமகிருஷ்ணர்.

தொழிலின் பொருட்டுக் கல்கத்தாவிலும் கரக்பூரிலும் ஜாம்ஷெட்பூரிலும் குடியேறிய தமிழ் மக்கள், தாம் வாழும் நாட்டுக்கும் தம் பிறந்த மண்ணுக்கும் பந்தம் ஏதும் உண்டா என்று சில வேளைகளில் எண்ணுவதுண்டு. இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு கிழவர் தம் பாதங்களால் அளந்த வழியே அதற்கு விடையாகும். ஆனால் இப்பொழுது நாம் காணப்போவது இராமேசுவரத்தைப் போன்ற மகாக்ஷேத்திரம் ஒன்றையன்று. காமார்புகூருக்கு 3 மைல் தொலைவிலே, பாங்குரா மாவட்டத்தின் எல்லையில் கிடக்கும் ஜெயராம்பாடி என்னும் சிற்றூரைப் பற்றியே சொல்லப் புகுகிறோம். வானளாவிய கோபுரம் அங்கே இல்லை. புராணம் பாடிய புலவரும் இல்லை. தீர்த்தம், மூர்த்தி, தலம் என்னும் மூன்றும் அமைந்த பிறகே யாத்திரிகர் வருவது உலக வழக்கம். இவ்வூரிலோ யாத்திரிகர் முதலில் வந்தனர். கோயில் பிறகு வந்தது. அவர்கள் தொழ வந்த மூர்த்தி அப்பொழுது அடுக்களையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தது.

கூரை வேய்ந்த மண் வீடுகள், நெல் வயல்கள், தாமரையும் அல்லியும் பூத்த குளங்கள், வடபுறத்தில் ஆமோதர் என்னும் சிற்றாறு. இவையே அன்றைய ஜெயராம்பாடி. ஆமோதர் நீண்ட ஆறுமன்று, நிறைந்த ஆறுமன்று. ஆயினும் கங்கைக்குச் செல்ல இயலாத அவ்வூரார்க்கு அதுவே கங்கை. ஊருக்கென்று ஒரு தேவதையும் உண்டு. சிங்கவாஹினி என்பது அவள் பெயர். இவ்வூரில் இராமசந்திர முகோபாத்தியாயர், சியாமசுந்தரி தேவி என்னும் தம்பதியருக்கு 1853-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் மூத்த மகளாகப் பிறந்தவர் சாரதாமணி. ஐந்து வயது நிரம்பிய குழந்தையை 1859-இல் காமார்புகூர் இல்லத்து இளைய மகனுக்கு மணம் செய்து கொடுத்தார்கள். மணமகனுக்கு அப்போது வயது 23. பின்னர் 1864-இல் அப்பகுதியைப் பஞ்சம் வாட்டியபொழுது, இராமசந்திரர் தம் சேமிப்பு நெல்லை எடுத்துக் கிச்சடி சமைத்து, பசித்து வந்தவர்க்கெல்லாம் வழங்கினார். கொதிக்கக் கொதிக்க இலையில் இட்ட உணவைப் பசித்தவர் பொறுமையின்றி அள்ளுவார்களே! அது ஆறும்பொருட்டுச் சிறுமி சாரதா இரு கைகளாலும் விசிறி பிடித்து வீசினாள் என்று வரலாறு கூறுகிறது. பிற்காலத்தில் அவ்வூருக்கு வந்தவர் அனைவரும் கண்ட காட்சிக்கு இதனை முதல் அங்கம் என்று கொள்ளலாம்.

ஜெயராம்பாடி வழியில் முதன்முதல் யாத்திரையாக நடந்தவரும் சாரதா தேவியே. ஆனால் அவர் நடந்தது ஊரை நோக்கியன்று, ஊரிலிருந்து. தட்சிணேசுவரத்துக் காளி கோயிலில் பூசாரியாய் இருந்த கணவர் பித்தராகிவிட்டார் என்று ஊரார் பேசிய பேச்சு அவர் நெஞ்சை வருத்தியது. நேரில் கண்டு தெளிவதென்று உறுதி கொண்டார். 1872-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கங்கையில் நீராடச் சென்ற பெண்களோடு, தந்தையின் துணையில் அவரும் நடந்தார். சுமார் 60 மைல் தூரம். நடந்து பழகாத 18 வயதுப் பெண் பாதி வழியிலே காய்ச்சல் கண்டு ஒரு சத்திரத்தில் விழுந்தார். கரிய நிறப் பெண்ணொருத்தி அருகில் அமர்ந்து தம் உடலைத் தடவிக் கொடுத்ததாகவும், தான் தட்சிணேசுவரத்தைச் சேர்ந்தவள் என்று கூறியதாகவும் பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார். மறுநாள் காய்ச்சல் தணிந்தது, பயணம் தொடர்ந்தது.

சில ஆண்டுகளுக்குப் பின் அதே வழியில் இன்னொரு நிகழ்ச்சி. ஆராம்பாக்குக்கும் தாரகேசுவரத்துக்கும் இடையே தேலோ-பேலோ என்னும் பெருவெளி கிடந்தது. கொள்ளையர்க்குப் பேர்போன இடம். இருட்டுமுன் அதனைக் கடந்துவிட வேண்டுமென்று உடன் வந்தவர்கள் விரைந்தனர். கால் ஓய்ந்த சாரதா தேவி, தமக்காக யாரும் தங்க வேண்டாமென்று கூறிப் பின்தங்கினார். பொழுது சாய்ந்தது. தடியூன்றிய நெடிய உருவம் ஒன்று எதிரே நின்று, யார் அது என்று அதட்டியது. பாக்தி என்னும் எளிய சாதியைச் சேர்ந்தவன் அவன். அவர் அஞ்சி ஓடவில்லை. அவனை அப்பா என்று அழைத்தார். வழி தவறிவிட்டதென்றும், தம் கணவர் இராணி ராசமணியின் காளி கோயிலில் இருக்கிறார் என்றும், அங்கே கொண்டுபோய் விடவேண்டுமென்றும் கேட்டார். பின்னால் வந்த அவன் மனைவியின் கையைப் பற்றிக்கொண்டு அவளை அம்மா என்றார். அன்றிரவு அத்தம்பதியர் அவருக்குப் பொரி வாங்கிக் கொடுத்து, தம் துணியை விரித்துப் படுக்கவைத்து, காவல் இருந்தார்கள். விடிந்ததும் வயலில் பறித்த பச்சைப் பட்டாணியைக் கையில் கொடுத்துத் தாரகேசுவரம் வரை கொண்டுவந்து சேர்த்தார்கள். பிறகு தட்சிணேசுவரத்துக்கும் அவர்கள் வந்ததுண்டு. ஸ்ரீ ராமகிருஷ்ணர் மருமகன் முறையில் அவர்களை உபசரித்தார்.

ஜெயராம்பாடிக்குச் செல்லும் மற்றொரு வாயிலாகிய விஷ்ணுபுரத்துக்கும் இத்தகைய கதை ஒன்று உண்டு. செங்கல்லிலும் சுடுமண்ணிலும் மல்ல அரசர்கள் எழுப்பிய கோயில்களுக்காகப் பலர் அறிந்த ஊர் அது. பிருந்தாவனத்திலிருந்து வைணவ ஏடுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு சீனிவாச ஆசாரியர் வந்தபொழுது, மன்னன் வீர ஹம்பீரனின் ஆட்களே பொற்குவை என்று எண்ணி அவற்றைக் கொள்ளையடித்தனர். பெட்டியைத் திறந்தால் ஓலையும் காகிதமும்! தேடி வந்த ஆசாரியருக்கு மன்னன் சீடனானான். கொள்ளை போன ஏடுகளால் விஷ்ணுபுரம் வைணவத் தலமாயிற்று. வங்காளத்தின் இந்த மேற்குச் சீமையில் கள்வரும் அடியாரும் ஒரே பாதையில் நடமாடினர் போலும்!

1886-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் ஸ்ரீ ராமகிருஷ்ணர் மறைந்தார். சாரதா தேவிக்கு வயது 32. தட்சிணேசுவரக் கோயிலிலிருந்து அவருக்கு மாதந்தோறும் கிடைத்துவந்த 7 ரூபாயும் பின்னர் நின்றுபோயிற்று. காமார்புகூரில் தனியே வாழ்ந்த நாட்களில் கீரையைத் தாமே பயிரிட்டு, சோறும் கீரையுமாக உண்டார். உப்புக்கும் வழியில்லாத நாட்கள் இருந்தன. கல்கத்தாவில் அவரைத் தாயெனப் போற்றிய சீடர்களுக்கு இந்நிலை உடனே தெரியவில்லை. அவரும் சொல்லி அனுப்பவில்லை. தெரிந்த பிறகு அவர்கள் அவரைக் கல்கத்தாவுக்கு அழைத்துக்கொண்டார்கள். அது முதல் சில காலம் நகரிலும், சில காலம் பிறந்த ஊராகிய ஜெயராம்பாடியிலும் அவர் வாழ்வு கழிந்தது. அவரைத் தேடி நகரத்து மனிதர்கள் அக்குக்கிராமத்துக்கு வரத் தொடங்கியது இக்காலத்தில்தான்.

அவ்வாறு வந்தவர்களுள் ஒருவர் கதையைச் சற்று விரித்துக் கூறுவோம். கிரீஷ் சந்திர கோஷ் 1844-இல் கல்கத்தாவில் பிறந்தவர். வங்க நாடக மேடையின் தந்தை எனப் போற்றத்தக்கவர். எழுதுவார், நடிப்பார், நடிகர்களைப் பழக்குவார். மதுவும் அளவின்றிக் குடிப்பார். கடவுள் உண்டா என்று கண்டவரையெல்லாம் வாதுக்கிழுப்பார். 1884-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள், அவர் எழுதிய சைதன்ய லீலை என்னும் நாடகத்தைக் காண ஸ்டார் தியேட்டருக்கு ஸ்ரீ ராமகிருஷ்ணர் வந்தார். அதன் பிறகு கிரீஷின் வாழ்வு திசைமாறியது. ஆனால் குருவும் மறைந்தார், மனைவி இறந்தார், குருவே மீண்டும் பிறந்து வந்ததாக அவர் நம்பிய மகனும் மழலை மாறாத வயதிலேயே மாண்டுபோனான். இந்நிலையில், அன்னையிடம் போய் இருந்துவிட்டு வரலாம் என்று துறவியான நிரஞ்சனானந்தர் ஆறுதல் கூறி 1891-இல் அவரை அழைத்துச் சென்றார்.

பர்துவான் வரை ரயில்; அதற்கப்பால் மாட்டு வண்டி. தாமோதர் நதியைக் கடந்து, வயல் வரப்புகளின் ஊடே காமார்புகூர் சென்று, அங்கிருந்து ஜெயராம்பாடி. பெருநகரின் கைதட்டலுக்குப் பழகிய மனிதருக்கு அந்த வண்டிப் பயணம் எப்படி இருந்திருக்கும் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம். ஈர உடையோடு வந்து அன்னையின் காலில் விழுந்து முகத்தை நிமிர்ந்து நோக்கிய கிரீஷ் திடுக்கிட்டார். இளமையில் வாந்திபேதி கண்டு உயிர் ஊசலாடிய இரவில், கனவில் தோன்றித் தம் வாயில் பிரசாதம் ஊட்டிய பெண்ணின் முகம் அது! தாங்கள் எத்தகைய தாய் என்று அவர் கேட்டார். பேச்சுக்குத் தாயும் அல்லள், குருவின் மனைவி என்னும் முறையால் தாயும் அல்லள், உண்மைத் தாயே என்று அன்னை விடையிறுத்தார்.

இத்தகைய கனவுகளையும் காட்சிகளையும் நம்புவதும் நம்பாததும் அவரவர் மனப்பாங்கு. எமக்கு அதனினும் அரியதாய்த் தோன்றுவது ஒரு படுக்கை விரிப்பு. மண் வீட்டில் தமக்கு இடப்பட்ட படுக்கையின் விரிப்பு அப்பழுக்கின்றி வெளுத்திருப்பதைக் கிரீஷ் கண்டார். அவ்வூரில் சலவையாளரை எளிதில் தேடிப் பிடிக்க முடியாது. பிறகு செய்தி தெரிந்தது: அன்னையே குளத்தங்கரையில் சவுக்காரமிட்டுத் துவைத்து வந்தார். அதைக் கேட்ட கிரீஷ் உருகிப்போனார். நாடகங்களில் எத்தனையோ தாய்மார்களைப் படைத்தவர் அவர்; எந்த அங்கத்திலும் இப்படியொரு காட்சியை அமைத்ததில்லை.

ஊராருக்கோ இந்த வழிபாடு விளங்கவில்லை. உடன்பிறந்த தம்பியருள் ஒருவரான காளி, என் அக்காளைத் தேவி என்கிறீர்கள், ஒரு வயிற்றில் பிறந்த எனக்கு அப்படித் தோன்றவில்லையே என்று கிரீஷிடம் வாதிட்டார். கிரீஷ் சினந்து பேசி அவரைத் தமக்கையின் காலில் விழ அனுப்பினார் என்பர். ஆயினும் தம்பியின் கேள்வியை அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட முடியாது. சேய்மையிலிருந்து வருபவன் காணும் ஊர் வேறு. அதே ஊரில் நிலத் தகராறும் கடனும் நோயுமாய் வாழ்பவன் காணும் ஊர் வேறு. அன்னை இவ்விரண்டு ஊர்களிலும் ஒருங்கே வாழ்ந்தார். தம்பியர் பணம் பணமென்று அரிப்பதையும், பித்துப் பிடித்த தம்பி மனைவியின் வசைகளையும் தாங்கிக்கொண்டே பக்தருக்கு இலை போட்டார்.

கிரீஷ் அங்கே ஒரு வரமும் வேண்டினார். உலக வாழ்வைத் துறந்து காவி உடுத்த அனுமதி கேட்டார்; வாதத்திறமை முழுவதையும் காட்டிக் கேட்டார். அன்னை இசையவில்லை. வேண்டியது கிடைக்காமலே அந்த யாத்திரிகர் ஊர் திரும்பினார். 1893-ஆம் ஆண்டு சனவரியில் மினர்வா தியேட்டர் திறக்கப்பட்டபொழுது அங்கே நடந்தது கிரீஷ் மொழிபெயர்த்த மாக்பெத் நாடகம். 1912-இல் மறையும் வரை அவர் எழுதிக்கொண்டே இருந்தார். அன்னை இசைந்திருந்தால் வங்க மேடை எதையெல்லாம் இழந்திருக்கும்!

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விஷ்ணுபுரத்துக்கு ரயில் வந்தது. அங்கிருந்து கோதுல்பூர் வழியாக 25 மைலுக்கு மேல் மாட்டு வண்டியில் செல்ல வேண்டும். இரவெல்லாம் வண்டி உருளும். கடைசித் தங்கல் கோயால்பாரா. அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர் கேதார்நாத் தத்தரும் அவர் தோழர்களும் சுதேசி இயக்கத்தின் வேகத்தில் தறியும் இராட்டையும் வைத்துத் தொடங்கிய ஆசிரமம் வழிப்போக்கருக்குத் தங்குமிடமாயிற்று. அதனைத் தமது வரவேற்பறை என்று அன்னை கூறுவதுண்டு. அங்கிருந்த பிரம்மசாரிகள் காய்கறிகளைத் தலையில் சுமந்து ஜெயராம்பாடிக்குக் கொண்டுவந்தனர். சுமந்துதான் ஆகவேண்டும், ஏனெனில் முன்னறிவிப்பின்றி எந்நேரமும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். வழக்கறிஞர், எழுத்தர், மாணவர், விதவையர் எனப் பலதிறத்தாரும் வந்தனர். கல்கத்தாவில் இருந்து வருபவர்க்குக் காலையில் தேநீர் இல்லாவிட்டால் இயங்காது. ஊரிலோ பால் அரிது. அன்னை விடியற்காலையில் கையில் பாத்திரத்துடன் வீடு வீடாகச் சென்று பால் சேகரித்து வருவார். வாத நோயால் கால் வலி, அடிக்கடி மலேரியாக் காய்ச்சல். ஆயினும் இது நிற்கவில்லை. உண்டவர் எழுந்த பின் எச்சில் இலைகளையும் அவரே எடுப்பதுண்டு. தலத்துக்கு வருபவன் தெய்வத்துக்குத் தொண்டு செய்வதே முறை. இங்கே முறை தலைகீழாயிற்று என்பதை வந்தவர்களில் எத்தனை பேர் அக்கணமே உணர்ந்தனரோ!

வந்தவரெல்லாம் கல்விமான்களும் அல்லர். அருகில் சிரோமணிபூர் என்னும் ஊரில் பட்டுப்பூச்சி வளர்த்துப் பிழைத்த முஸ்லிம் குடிகள் இருந்தன. அயல்நாட்டு வணிகப் போட்டியில் பட்டுத் தொழில் நலிந்தபோது அவர்களிற் பலர் வழிப்பறியில் இறங்கினர். அவர்களைக் கண்டு பக்கத்து ஊர்கள் நடுங்கின. அன்னைக்கு வீடு கட்டும் வேலையில் அவர்களையே கூலிக்கு அமர்த்தினார்கள். அவர்களுள் அம்ஜத் என்பவனை ஒருநாள் அன்னை உண்ண அழைத்தார். தம்பி மகள் நளினி தீட்டுக்கு அஞ்சி, எட்ட நின்று உணவை இலையில் எறிந்து பரிமாறினாள். அப்படி இட்டால் ஒருவன் எப்படி மனநிறைவோடு உண்பான் என்று கடிந்து, அன்னை தாமே பரிமாறினார். உண்டு முடிந்ததும் அந்த இடத்தைத் தாமே மெழுகினார். சாதி போயிற்றே என்று நளினி பதறினாள். சரத் எனக்கு எப்படி மகனோ அப்படியே அம்ஜத்தும் மகன் என்று அன்னை சொன்னார். சரத் என்றது சாரதானந்தரை. இராமகிருஷ்ண சங்கத்தின் செயலாளராய் விளங்கிய பெருந்துறவியை. சாதிக் கட்டுப்பாடு இறுகிய அந்தக் கிராமத்தில், ஓர் அந்தண விதவை இவ்வாறு நடந்துகொள்வது எளிய செயலன்று.

அரசாங்கத்தின் கண்ணும் இவ்வூர் மீது விழுந்தது. வங்கப் பிரிவினைக் கிளர்ச்சிக்குப் பின் புரட்சி இயக்கத்தில் ஈடுபட்ட இளைஞர் சிலர் அன்னையிடம் வந்து ஆசி பெற்றனர். துறவு பூண்டோரும் உண்டு. ஆகவே ஜெயராம்பாடிக்கும் கோயால்பாராவுக்கும் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று போலீசார் பெயர் குறிக்கலாயினர். ஊர்க் காவற்காரனின் குறிப்பேட்டில் பதியாமல் அந்நாளில் இந்த யாத்திரையைச் செய்ய இயலவில்லை. கங்கைக் கரையில் பண்டாக்கள் வைத்திருக்கும் பரம்பரைப் பெயர்ப் பட்டியலை நாம் அறிவோம். இங்கே அந்தப் பணியை வெள்ளையர் அரசே மேற்கொண்டது!

அன்னையும் ஒருமுறை தென்னாட்டு யாத்திரை வந்தார். 1897 முதல் சென்னையில் இருந்து மடத்தை நிறுவி வளர்த்த இராமகிருஷ்ணானந்தர் அவரை அழைத்தார். 1911-இன் தொடக்கத்தில் அன்னை சென்னை வந்து, மயிலாப்பூரில் ஏறத்தாழ ஒரு மாதம் தங்கினார். தமிழ் அவருக்குத் தெரியாது. வந்தவர்களுக்கு வங்காளி தெரியாது. ஆயினும் கூட்டம் குறையவில்லை. மதுரையில் மீனாட்சியம்மையைத் தரிசித்து இராமேசுவரம் சென்றார். சேதுபதி மன்னரின் ஆணையால் கருவறைக்குள் சென்று வழிபட அவருக்கு வாய்ப்புக் கிட்டியது. இராமகிருஷ்ணானந்தர் செய்து வைத்திருந்த 108 பொன் வில்வ இலைகளால் இராமநாதரை அருச்சித்தார். மாமனார் குதிராம் ஓராண்டு நடந்து கண்ட சன்னிதியை 87 ஆண்டுகள் கழித்து மருமகள் ரயிலில் வந்து கண்டார். அவ்வாண்டு ஆகஸ்டிலேயே இராமகிருஷ்ணானந்தர் காலமானார். அன்னையின் வருகையைக் காணவே உயிர் தாங்கியிருந்தார் போலும் என்று எண்ணத் தோன்றுகிறது.

ஜெயராம்பாடியில் அன்னைக்கென்று தனி வீடு 1916-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் குடிபுகும் நிலைக்கு வந்தது. அதுவரை தம்பியரின் வீட்டிலேயே வாழ்ந்தார். புது வீடும் மண் சுவரும் கூரையுமே. அந்த வீட்டில் அவர் வாழ்ந்தது நான்காண்டுக்கும் குறைவு. வந்தவர்கள் விடைபெறும்போது அவர் உடன் நடந்து வந்து, கண்ணுக்கு மறையும் வரை வழியில் நின்றுகொண்டிருப்பார் என்று சென்றவர் பலரும் எழுதியிருக்கின்றனர். 1920-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் அவரே விடைபெற்றார். காய்ச்சலால் மெலிந்த உடலோடு, கோயால்பாரா, விஷ்ணுபுரம் வழியாக 27-ஆம் நாள் கல்கத்தா சேர்ந்தார். சூலை 21-இல் அங்கேயே உயிர் நீத்தார்.

அவர் பிறந்த இடத்தில் சாரதானந்தர் எழுப்பிய கோயிலுக்கு 1923-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள், அட்சய திருதியையன்று குடமுழுக்கு நடந்தது. முதலில் அங்கே பூசை பெற்றது ஒரு வண்ணப் படம். பளிங்குத் திருவுருவம் நூற்றாண்டு விழாவின்போது வந்தது. காமார்புகூரில் ஓவியர் நந்தலால் போஸ் வகுத்துத் தந்த அமைப்பில் ஸ்ரீ ராமகிருஷ்ணர் கோயில் 1951-இல் எழுந்தது. இன்று கல்கத்தாவிலிருந்து புறப்படுபவர் தாரகேசுவரம் வழியாக ஆராம்பாக் வரையும் அதற்கப்பாலும் ரயிலிலேயே செல்லலாம். எஞ்சிய தூரத்துக்குப் பேருந்து உண்டு. தேலோ-பேலோ வெளியைச் சன்னலோரம் அமர்ந்து சில நிமிடங்களில் கடந்துவிடலாம். ஜெயராம்பாடியில் பழைய வீட்டையும் புது வீட்டையும் அப்படியே காத்து வைத்திருக்கிறார்கள். ஆமோதர்த் துறையும் சிங்கவாஹினி கோயிலும் நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளன. நண்பகல் பூசை முடிந்ததும் வந்தவர்களை வரிசையாக அமர்த்தி அன்னம் பரிமாறுகிறார்கள்.